வேகமூட்டும் பேட்சை யார் பராமரிப்பது?

தரவைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் ஸீலிப் (zlib) என்ற லைப்ரரியின் மூலநிரலை இறக்கிப் பிரித்தால், உள்ளே ‘கான்ட்ரிப்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். பயனர்கள் எழுதிக் கொடுத்த நிரல்கள் அதில் கிடக்கின்றன. கூடவே ஒரு சிறு அறிவிப்பும் உண்டு. இங்கே இருப்பவற்றுக்கு ஆதரவு கிடையாது, ஸீலிப்பை எழுதியவர்கள் இவற்றைச் சோதித்துப் பார்க்கவில்லை, பயன்படுத்துவது உங்கள் பொறுப்பு, உதவி கேட்டு எங்களுக்கு எழுத வேண்டாம், நன்றி. அதன் சாரம் இவ்வளவுதான்.

புதிதாகப் படிப்பவருக்கு இது கடுமையாகத் தெரியலாம். காசு வாங்காமல் உழைத்துக் கொடுத்தவர்களின் நிரலை வாங்கி வைத்துக்கொண்டு இப்படியா எழுதுவது என்று தோன்றும். எனக்கு இது மிக நேர்மையான அறிவிப்பாகப் படுகிறது. ஒரு மென்பொருளை வேகமாக்கும் மாற்றத்தை எழுதுவது ஒரு முறை செய்யும் வேலை. அந்த மாற்றத்தை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை. யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவது யார்? திறமூல உலகில் நடக்கும் பல மனக்கசப்புகளுக்கு இந்த ஒரு கேள்வியை யாரும் முதலிலேயே கேட்காததுதான் காரணம்.

பேட்ச், அப்ஸ்ட்ரீம், ஃபோர்க்

திறமூல மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். மாற்றத்தை மட்டும் தனியே எழுதிவைத்த ஃபைல்தான் பேட்ச். ‘இந்த ஃபைலில் இந்த வரிகளை எடுத்துவிடு, அங்கே இவற்றைப் போடு’ என்று அது சொல்கிறது. எந்த இடம் என்று காட்டுவதற்காக, மாறும் வரிகளுக்கு மேலேயும் கீழேயும் வழக்கமாக மூன்று மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளும்.

மென்பொருளை உருவாக்கி வெளியிடும் மூலத் திட்டத்தை அப்ஸ்ட்ரீம் என்பார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அங்கே முடிவு செய்பவர் மெயின்டெய்னர். அவர் ஏற்றுக்கொண்டால் பேட்ச் மூலநிரலோடு கலந்துவிடும். ஏற்காவிட்டால் எழுதியவர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அப்ஸ்ட்ரீமில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதன்மேல் மறுபடி பொருத்த வேண்டும். இதற்குப் பெயர் ரீபேஸ். பேட்ச்கள் பெருகி, தனிப் பெயரோடு தனியாகவே வளரத் தொடங்கினால் அது ஃபோர்க்.

ரீபேஸ் செய்யும்போது அக்கம்பக்க வரிகள் மாறியிருந்தால் ‘கான்ஃப்ளிக்ட்’ என்று கருவி நின்றுவிடும். அது நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்தானது மற்றொரு வகை. பேட்ச் சிக்கலே இல்லாமல் பொருந்தும், கம்பைல் ஆகும் (அதாவது, இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறும்), டெஸ்ட்கூடத் தேறும். ஆனால் பேட்ச் எதை நம்பி எழுதப்பட்டதோ அது இடையில் மாறிப்போயிருக்கும்.

ஸீலிப்பிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். சுருக்கிய தரவை விரிக்கும் வேலையில் வேகமான பாதை ஒன்று இருக்கிறது. உள்ளீட்டில் குறைந்தது 6 பைட்டும் வெளியீட்டில் குறைந்தது 258 பைட் இடமும் இருந்தால்தான் அதற்குள் நுழையலாம் என்பது விதி. நுழைந்த பிறகு ஒவ்வொரு பைட்டுக்கும் ‘தரவு மிச்சம் இருக்கிறதா’ என்று பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான் அது வேகமாக ஓடுகிறது. இப்போது ஒருவர் ஒவ்வொரு பைட்டாகப் படிப்பதற்குப் பதில் 8 பைட்டை ஒரே மூச்சில் படிக்கும்படி இதை மாற்றுகிறார் என்று வையுங்கள். நல்ல யோசனை, வேகமும் கூடும். ஆனால் வாசலில் இருக்கும் நிபந்தனை 6 என்று இருக்கக் கூடாது, 8 ஆக வேண்டும். அந்த நிபந்தனை வேகப் பாதை இருக்கும் ஃபைலில் இல்லை. அதை அழைக்கும் ஃபைலில் இருக்கிறது, அதுவும் இரண்டு ஃபைல்களில் இருக்கிறது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால், என்றோ ஒரு நாள் யாரோ ஒருவரின் கணினியில் நினைவகத்தின் எல்லைக்கு வெளியே இரண்டு பைட் படிக்கப்படும். நாளை அப்ஸ்ட்ரீமில் அந்தப் பாதையை மூன்றாவதாக ஓர் இடத்திலிருந்து அழைக்கத் தொடங்கினாலும் இதே கதைதான். பேட்ச் எந்தக் கான்ஃப்ளிக்ட்டும் காட்டாமல் பொருந்திவிடும்.

வேகத்துக்கான பேட்ச் ஏன் கூடுதல் சுமை

புது வசதி ஒன்றைச் சேர்க்கும் பேட்ச் பெரும்பாலும் ஓரமாக, தனி ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். வேகத்துக்கான பேட்ச் அப்படி ஒதுங்கி இருக்க முடியாது. நிரல் எங்கே அதிக நேரம் செலவிடுகிறதோ அங்கேதான் அது கை வைக்க வேண்டும். அந்த இடத்தில்தான் அப்ஸ்ட்ரீம்காரர்களும் அடிக்கடி கை வைப்பார்கள். உரசல் தவிர்க்க முடியாதது.

இன்னொன்று, வேகம் பெரும்பாலும் அனுமானங்களிலிருந்தே கிடைக்கிறது. ‘இந்த எண் எப்போதும் நான்கின் மடங்கு’, ‘தரவை வைத்திருக்கும் இந்த பஃபருக்குப் பின்னால் நினைவகத்தில் கொஞ்சம் இடம் இருக்கும்’, ‘இந்தப் பிராசஸரில் இந்தக் கட்டளை உண்டு’ என்பவை போல. எளிய நிரல் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே போகும், அதனால் மெதுவாக ஓடும். வேகமான நிரல் சரிபார்ப்பைக் குறைத்து நம்பிக்கையைக் கூட்டுகிறது. எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்பது எழுதியவர் மனதில் இருக்கும், பேட்சில் பாதிகூட எழுதப்பட்டிருக்காது.

மூன்றாவது, வன்பொருள். இன்டெல் பிராசஸருக்கு ஏவிஎக்ஸ்2, ஆர்ம் பிராசஸருக்கு நியான் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள். எல்லாப் பிராசஸரிலும் ஓடும் பொதுவான சி நிரலையும் விட்டுவிட முடியாது. ஆக ஒரே வேலைக்கு மூன்று நான்கு நிரல்கள். ஒரு பிழையைத் திருத்தினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெயின்டெய்னரிடம் அந்த வகை இயந்திரமே இல்லாமல் இருக்கலாம். கண்ணால் பார்க்காத இயந்திரத்தின் கட்டளைகளிலேயே நேரடியாக எழுதிய அசெம்பிளி நிரலுக்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

நான்காவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வேகத்தின் லாபம் வயதாக ஆகத் தேய்கிறது. கம்பைலர்கள் கெட்டிக்காரத்தனமாகின்றன, பிராசஸர்களும் மாறுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் இணைப்புப் பட்டியல்களைச் சுற்றிவரும்போது அடுத்த உறுப்பை முன்கூட்டியே நினைவகத்திலிருந்து வரவழைக்கும் ‘ப்ரீஃபெட்ச்’ கட்டளை நெடுங்காலம் இருந்தது. வேகம் கூடும் என்று நம்பித்தான் போட்டார்கள். 2011இல் அளந்து பார்த்தபோது அது வேகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. பிராசஸரே அந்த வேலையை நன்றாகச் செய்துகொள்கிறது, அங்கே நிறைய பட்டியல்கள் மிகச் சிறியவை அல்லது காலியானவை. எடுத்துவிட்டார்கள். அப்ஸ்ட்ரீமுக்குள் ஆயிரம் பேர் பார்க்கும் நிரலுக்கே இப்படி என்றால், ஒருவர் மட்டும் பராமரிக்கும் வெளிப் பேட்சில் லாபம் எப்போது நஷ்டமானது என்று யார் அளப்பார்கள்?

ஸீலிப்பின் கதை

ஸீலிப்பை எழுதியவர்கள் ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும். 1995இல் வெளிவந்தது. பிஎன்ஜி படங்கள், இணையப் பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஜிஸிப், நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட், பைத்தான் மொழி என்று அது இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பழைய கணினியிலும் கம்பைல் ஆக வேண்டும் என்பது அதன் குணம். அந்தக் குணம்தான் அதை இவ்வளவு இடங்களுக்குக் கொண்டுபோனது, புதிய பிராசஸர்களின் தனிக் கட்டளைகளிலிருந்து அதை ஒதுக்கி வைத்ததும் அதே குணம்தான்.

எனவே வேகம் வேண்டியவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். இன்டெல் ஒரு ஃபோர்க் வைத்திருந்தது. இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேர் ஒன்று வைத்திருந்தது. குரோமியம் உலாவிக்குள் மாற்றியமைத்த பிரதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் கை வைத்தது கிட்டத்தட்ட அதே சில ஃபங்ஷன்களில், அவரவர் வழியில். இன்டெலின் வேகமும் வேண்டும் கிளவுட்ஃபிளேரின் வேகமும் வேண்டும் என்று இரண்டையும் எடுத்து ஒட்டிவிட முடியாது.

இப்படி வெளியே சிதறிக் கிடந்த மாற்றங்கள் அப்ஸ்ட்ரீமுக்குள் போகாததைப் பார்த்துத்தான் ஸீலிப்-என்ஜி என்ற ஃபோர்க் தொடங்கியது. அதன் அறிமுகக் குறிப்பு எனக்குப் பிடித்தமானது. ஆட்லர் மிக நீண்ட காலமாக ஸீலிப்பைப் பராமரித்து வருகிறார், சிறப்பாகச் செய்திருக்கிறார் என்று மரியாதையோடு சொல்லிவிட்டு, ஸீலிப்பை ஒழித்துக்கட்டுவது நோக்கமல்ல, பக்கத்தில் இருந்துகொண்டு மாற்றங்களை எளிதாக ஏற்கும் ஒன்றாக இருப்பதே நோக்கம் என்கிறது. பழைய கணினிகளுக்கான நிரல்களை நீக்கிவிட்டு, பிராசஸருக்கேற்ற நிரல்களைத் தனித்தனி ஃபோல்டர்களில் பிரித்து, எதைப் பயன்படுத்துவது என்று ஓடும்போது முடிவு செய்யும் ஓர் அட்டவணையை வைத்தார்கள். சுமை மறையவில்லை. அதைச் சுமக்க நாங்கள் தயார் என்று ஒரு குழு வெளிப்படையாக முன்வந்தது, அதுதான் மாற்றம். லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான ஃபெடோரா 40 (2024) பழைய ஸீலிப்பின் இடத்தில் ஸீலிப்-என்ஜியை வைத்துக்கொண்டது.

இதற்கு நடுவே ஒரு பாதுகாப்புப் பிழை வந்து எல்லோரையும் உலுக்கியது. பாதுகாப்புப் பிழைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-25032 என்ற எண் கொண்டது. சில வகைத் தரவுகளைச் சுருக்கும்போது நினைவகத்தைக் கெடுக்கும் பிழை, 13 ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் இருந்தது. 2018இலேயே திருத்தம் எழுதி மேம்பாட்டுக் கிளையில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் ரிலீஸ் வரவில்லை. உலகம் முழுக்க 2017 ஜனவரியில் வந்த ஸீலிப் 1.2.11தான் ஓடிக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில் விஷயம் பொதுவெளிக்கு வந்து, 1.2.12 வெளியானது. அப்ஸ்ட்ரீம் ஸீலிப்பை மாற்றமில்லாமல் வைத்திருந்தவருக்குப் புதிய பதிப்பைப் போட்டால் வேலை முடிந்தது. ஃபோர்க் வைத்திருந்தவர்களுக்கு? திருத்தம் தொட்டது சுருக்கும் பகுதியின் மையத்தை. வேகத்துக்காக அவர்கள் மாற்றி எழுதியிருந்ததும் அதே மையத்தைத்தான். ஒவ்வொரு கிளையிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, ‘எங்கள் நிரலில் இந்தப் பிழை எந்த வடிவத்தில் இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு கையால் திருத்த வேண்டும். அப்படி உட்கார ஆள் இல்லாத தனியார் பேட்ச்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது.

அதே 1.2.12இன் மாற்றப் பட்டியலில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, பிழைகள் வெளிப்பட்ட பழைய அசெம்பிளி நிரல்களை நீக்கிவிட்டோம் என்பது. கான்ட்ரிப் ஃபோல்டரில் கிடந்தவைதான் அவை. எழுதிக் கொடுத்தவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள், நிரல் மட்டும் அங்கேயே வயதாகிக்கொண்டிருந்தது. இரண்டாவது, சிஆர்சி-32 என்ற சரிபார்ப்புக் கணக்கை 1.5 முதல் 3 மடங்குவரை வேகமாக்கியிருக்கிறோம் என்பது. ஆக, மெயின்டெய்னர் வேகத்துக்கு எதிரி இல்லை. தன்னால் புரிந்துகொண்டு பராமரிக்க முடிந்த வடிவத்தில் வேகத்தைச் சேர்த்தார். அந்த மாற்றமும் சிக்கலைக் கிளப்பியது. சிஆர்சிக்குத் தவறான உள்ளீடு கொடுத்துக்கொண்டிருந்த சில நிரல்கள், பழைய பதிப்பில் தப்பித்தவை, புதிய முறையில் மாட்டிக்கொண்டன. ஏழு மாதம் கழித்து வந்த 1.2.13இல் அதைச் சரிசெய்தார்கள். வேகமூட்டும் நிரல் யார் எழுதினாலும் பின்னால் வேலை வரும். அந்த வேலைக்கு ஆள் இருந்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சரியாக வேலை செய்யும் பேட்ச்கூடத் தொல்லை தரும் என்பதற்கு ஐபிஎம் ஓர் உதாரணம். அவர்களின் ஸி15 பெருங்கணினியில் தரவைச் சுருக்கும் வேலையைப் பிராசஸரே செய்துவிடும். அதற்கான பேட்சை 2019இல் ஸீலிப்புக்குக் கொடுத்தார்கள். அது வெளியேயே நிற்க, பல லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (ஃபெடோரா போல லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவை) தங்கள் பொதிகளில் அதைச் சுமந்தன. முடிவு சரி, வேகமும் அசாத்தியம். ஆனால் வன்பொருள் சுருக்கிய பைட்களும் மென்பொருள் சுருக்கிய பைட்களும் ஒன்றாக இருப்பதில்லை. விரித்தால் ஒரே தரவு கிடைக்கும், சுருக்கிய வடிவம்தான் வேறு. சுருக்கிய வடிவத்தை ஒப்பிடும்படி எழுதியிருந்த பைத்தான் டெஸ்ட்கள் அந்தக் கணினியில் தோற்றன. பைத்தான்காரர்கள் அந்த டெஸ்ட்களை அங்கே தவிர்க்கும்படி மாற்ற வேண்டியதாயிற்று. பேட்சை எழுதியவர் ஒருவர், ஏற்காதவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர். இந்த மூவரில் யாருமில்லாத நான்காமவர் நேரத்தைச் செலவிட்டார்.

பணம் இருந்தாலும், ஆர்வம் இருந்தாலும்

பெரிய நிறுவனமாக இருந்தால் இந்தச் சுமை ஒரு பொருட்டில்லை என்று நினைக்கலாம். 2009இல் டோக்கியோவில் நடந்த லினக்ஸ் கெர்னல் மாநாட்டில் கூகுள் தன் நிலையைத் திறந்து சொன்னது. அப்போது அவர்கள் தயார் செய்துகொண்டிருந்த 2.6.26 கெர்னல்மேல் 1208 பேட்ச்கள், கிட்டத்தட்ட 3 லட்சம் வரிகள். சுமார் 30 பொறியாளர்கள், ஏறத்தாழ 17 மாதங்களுக்கு ஒரு முறை ரீபேஸ். பேட்ச்களில் கால்வாசி, அப்ஸ்ட்ரீமில் புதிதாக வந்ததைப் பழைய கெர்னலுக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்தவை. எந்த வேலை பிராசஸரில் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். அப்ஸ்ட்ரீமில் புதிய ஷெட்யூலர் வந்தபோது அது அவர்கள் வேலைக்கு ஒத்துவராமல், பழைய ஷெட்யூலரையே தூக்கிவந்து புதிய கெர்னலில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரமப்பட்டார்கள். 2021 வாக்கில் பேட்ச்களின் எண்ணிக்கை சுமார் 9000. அப்ஸ்ட்ரீமுக்கு நெருக்கமாகவே இருக்க ‘ஐஸ்பிரேக்கர்’ என்று தனித் திட்டமே தொடங்கினார்கள். பழைய கெர்னலில் நிற்பவரால் இன்றைய அப்ஸ்ட்ரீம் விவாதத்தில் பயனுள்ள எதையும் சொல்ல முடியாது என்பது இந்தச் சுமையின் கண்ணுக்குத் தெரியாத பகுதி.

மறுமுனையில் ஒரு தனிமனிதர். கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவர். மேசைக் கணினியில் லினக்ஸ் சுறுசுறுப்பாக ஓட வேண்டும் என்பது அவர் ஆசை, அதற்காகவே ‘-சிகே’ என்ற பேட்ச் தொகுப்பை வைத்திருந்தார். 2007இல் அவருடைய ஷெட்யூலர் சேர்க்கப்படவில்லை. கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் கெர்னல் 2.6.23இல் சேர்ந்தது. பிராசஸர் நேரத்தை எல்லா வேலைகளுக்கும் நியாயமாகப் பங்கிடும் அணுகுமுறை வேலை செய்யும் என்று நிரூபித்தவர் கோலிவாஸ்தான் என்பதை மோல்னாரே குறிப்பிட்டிருந்தார். விலகிப்போன கோலிவாஸ் 2009இல் பிஎஃப்எஸ் என்ற புதிய ஷெட்யூலரோடு திரும்பினார், 2016இல் அதை மக்ஸ் ஆக மாற்றி எழுதினார். கெர்னல் 9, 10 வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வருகிறது. ஒவ்வொரு முறையும் ஷெட்யூலரைச் சுற்றியுள்ள உட்புற நிரல் மாறியிருக்கும், ஒவ்வொரு முறையும் அவர் மறுபடி பொருத்த வேண்டும். 2021இல், 5.12க்குப் பிறகு, நிறுத்திக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் அவர் செய்ததைக் கடமை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இவ்வளவு பேரின் கணினி ஒருவருடைய ஓய்வு நேரத்தை நம்பி ஓடியிருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுமையைக் குறைக்க என்ன வழி

கெர்னல் 6.12 (2024) இரண்டு வழிகளை ஒரே பதிப்பில் காட்டுகிறது. முதலாவது, ரியல்-டைம் பேட்ச்கள். சராசரி வேகத்தைக் கூட்டுவது அவற்றின் வேலை அல்ல, தாமதம் ஓர் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. சுமார் 20 ஆண்டுகள் வெளியே இருந்து கடைசியில் 6.12இல் சேர்ந்தன. அத்தனை ஆண்டும் அவர்கள் முழுப் பேட்சையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கவில்லை. எல்லோருக்கும் பயன்படக்கூடிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே கொடுத்தார்கள். துல்லியமான டைமர்கள், கெர்னலுக்குள் நடப்பதைத் தடம்பார்க்கும் எஃப்ட்ரேஸ் எல்லாம் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவை. உள்ளே போன ஒவ்வொரு துண்டும் வெளியே சுமப்பதைக் குறைத்தது. நடுவில் நிதி வறண்டபோது வேலை தள்ளாடியது, 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தனித் திட்டமாக எடுத்துக்கொண்ட பிறகு நிமிர்ந்தது. ஆகவே பொறுமை மட்டும் போதாது, சம்பளமும் வேண்டும்.

இரண்டாவது, ஷெட்-எக்ஸ்ட் என்ற வசதி. கெர்னலைத் திருத்தாமலே, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் நம்முடைய ஷெட்யூலரை ஏற்றிப் பார்க்க அது இடம் கொடுக்கிறது. ஒரே இடத்தில் பலரும் பேட்ச் போட்டு மோதிக்கொள்கிறார்கள் என்றால், அங்கே முறையான ஓர் இணைப்புவாயைத் திறந்துவிடலாம் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். அதையும் யாராவது பராமரிக்க வேண்டும்தான், ஆனால் ஒன்றைப் பராமரித்தால் போதும்.

நீங்கள் ஒரு திட்டத்துக்கு வேகமூட்டும் பேட்ச் அனுப்பப் போகிறீர்கள் என்றால், வேகத்தை அளந்த பெஞ்ச்மார்க் எண்களுக்கு முன்னால் வேறு சிலவற்றை எழுதுங்கள். இந்த நிரல் எந்தெந்த அனுமானங்களில் நிற்கிறது, எந்தப் பிராசஸரில் எந்தக் கம்பைலரில் அளந்தீர்கள், பொதுவான பாதையும் வேகப் பாதையும் ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிடும் டெஸ்ட் எங்கே இருக்கிறது, அடுத்த ஆண்டு இதில் பிழை வந்தால் பார்ப்பது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் மெயின்டெய்னர் உங்கள் பேட்சைப் படிக்கும் விதமே மாறும். 500 வரிகளில் 30 சதவீதம் வேகம் கிடைக்கிறது, 20 வரிகளில் 15 சதவீதம் கிடைக்கிறது என்றால் அந்த 20 வரியை முதலில் அனுப்புங்கள்.

வேலை செய்யும் இடத்தில் வெளிப் பேட்ச் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தப் போகிறவருக்குக் கணக்கு வேறு. அப்ஸ்ட்ரீமில் பாதுகாப்புத் திருத்தம் இன்று வந்தால் உங்கள் பிரதிக்கு அது எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். பேட்ச் எழுதியவர் நின்றுவிட்டால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் உங்கள் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் இருந்து எடுத்துக்கொண்டால், எந்த அப்ஸ்ட்ரீம் பதிப்பின்மேல் பொருத்தியது, எவ்வளவு லாபம் கிடைத்தது, அடுத்து எப்போது அளப்பது என்று பேட்சின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். அந்தத் தேதி வந்ததும் பேட்சைக் கழற்றிவிட்டு, புதிய அப்ஸ்ட்ரீம் பதிப்பை அப்படியே ஒரு முறை ஓட்டி அளந்து பாருங்கள்.